'உங்கள் குழந்தை தேர்வாகவில்லை!' - அந்த ஒரு மெயிலுக்கு அப்பீல் போடலாமா?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி. ஐ.டி வேலைக்காகப் போய் செட்டிலான தமிழ்க் குடும்பங்களும் அங்கே நிறைய. ஒவ்வொரு வருஷமும் பனிக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில், அந்தப் பகுதியில் பல வீடுகளில் ஒரு டென்ஷன் ஓடும். விசா டென்ஷன் என்று நினைத்தால் தப்பு. இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு, மூன்றாம் வகுப்பிலிருந்து 'கிஃப்டட்' வகுப்பில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்ற டென்ஷன்.

கிடைத்தால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்வீட் எமோஜி பறக்கும். கிடைக்காவிட்டால்? அன்றைக்கு ராத்திரியே அப்பாவும் அம்மாவும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேடும் வார்த்தை ஒன்றுதான்: அப்பீல்.

உங்க அக்காவோ, ஃப்ரெண்டோ அமெரிக்காவில் இருந்தால் இந்தக் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். 'ரெண்டாம் கிளாஸ் பையனுக்குப் போய் அப்பீலா?' என்று சிரித்தும் இருப்பீர்கள். ஆனால் மறுகூட்டல், மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் என்று ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு அலைந்த தலைமுறை நாம். அரை மார்க் கட்-ஆஃபில் காலேஜையே தவறவிட்டவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பெற்றோரின் பதற்றம் நமக்குப் புரியாத விஷயமில்லை.

கேள்வி வேறு. இந்த அப்பீல் யாருக்கு உதவுகிறது? யாரை விட்டுவிடுகிறது? நடுவில் மாட்டிக்கொண்ட அந்தக் குழந்தைக்கு என்ன ஆகிறது?

முதலில், இது என்ன புரோகிராம்?

அமெரிக்காவில் 'கிஃப்டட்' கல்விக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம், பல இடங்களில் ஊருக்கு ஊர் விதி மாறும். சில இடங்களில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் தனி வகுப்பு, அவ்வளவுதான். சில இடங்களில் தனிப் பள்ளியே உண்டு.

ஃபேர்ஃபாக்ஸில் இதற்கு 'அட்வான்ஸ்டு அகாடமிக் புரோகிராம்ஸ்' என்று பெயர். முழு நேர வகுப்பு மூன்றாம் வகுப்பில் தொடங்கும். குழந்தைகளுக்கு முன்கூட்டியே திறனறித் தேர்வு வைப்பார்கள். அந்த மதிப்பெண், ஆசிரியர் தரும் மதிப்பீடு, குழந்தை செய்த வேலைகளின் மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரு குழு உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்கும். 'எங்க பிள்ளையைப் பரிசீலியுங்கள்' என்று பெற்றோரே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

முடிவு பிடிக்கவில்லையா? அப்பீல் செய்யலாம். கிஃப்டட் தேர்வில் மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்க வேண்டும் என்பது வர்ஜீனியா மாநிலத்தின் விதியிலேயே இருக்கிறது. ஆனால் இது நம்ம ஊர் மறுமதிப்பீடு மாதிரி, அதே பேப்பரைத் திரும்பத் திருத்துவது இல்லை. புதுசாக ஏதாவது ஆதாரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் புது ஆதாரம் என்ன தெரியுமா? வெளியே ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் போய் எடுத்த ஐ.க்யூ டெஸ்ட் ரிப்போர்ட். அதற்குச் சில நூறு டாலர்கள் ஆகும். நம்ம கணக்கில் பல ஆயிரம் ரூபாய்.

பணம், நேரம், ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் தெம்பு, 'இப்படி ஒரு வழி இருக்கு' என்ற தகவல். இந்த நாலும் இருந்தால்தான் அப்பீல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அப்பீல் போடுற பெற்றோர் எல்லாரும் ஓவரா பண்றாங்களா?

இல்லை. அதற்கு நல்ல உதாரணம் நியூயார்க்.

அந்த நகரத்தில் பல வருஷங்களாக நாலு வயதுக் குழந்தைகளுக்கு டெஸ்ட் வைத்துத்தான் 'கிஃப்டட்' கிண்டர்கார்டன் சீட் கொடுத்தார்கள். ஆமாம், நாலு வயது! நம்ம ஊரில் எல்.கே.ஜி. 90-வது பெர்சன்டைலுக்கு மேல் வந்தால் வட்டார அளவிலான வகுப்புகளுக்குத் தகுதி. 97-க்கு மேல் வந்தால் நகரம் முழுவதற்குமான சில சிறப்புப் பள்ளிகளுக்குத் தகுதி. தகுதி வந்தாலும் சீட் நிச்சயம் கிடையாது.

2013-ல் அந்தத் தேர்வை மதிப்பிட்ட நிறுவனம் பியர்சன். ரிசல்ட் வந்தது. சில பெற்றோர், 'இந்த மார்க் கணக்கு சரியா வரலையே' என்று கேள்வி கேட்டார்கள். தோண்டிப் பார்த்தால், குழந்தையின் வயதைக் கணக்கிட்டதில் நாட்களை விட்டிருந்தார்கள். தவறான மதிப்பெண் அட்டவணையைப் பயன்படுத்தியிருந்தார்கள். இரண்டு பகுதி மார்க்கையும் சேர்க்கும் சூத்திரத்திலும் பிழை. சுமார் 2,700 குழந்தைகளிடம் 'நீங்கள் தகுதி பெறவில்லை' என்று தவறாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் இன்னொரு பிழையும் வெளியே வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு சில பெற்றோர் கேட்காமல் இருந்திருந்தால், அந்த 2,700 வீடுகளிலும் 'நம்ம பிள்ளைக்கு அவ்வளவுதான் போல' என்று நம்பியிருப்பார்கள். ஆக, கேள்வி கேட்பது தப்பே இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் போடும் மார்க் தெய்வ வாக்கு கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்டவர்கள் சில பேர், பலன் கிடைத்தது எல்லோருக்கும். ஏனென்றால் அவர்கள் கண்டுபிடித்தது மொத்தக் கணக்கிலும் இருந்த பிழை. வழக்கமான அப்பீலில் இது நடக்காது. ஒரு குழந்தையின் ஃபைலைத்தான் திறப்பார்கள். சிஸ்டத்தை யாரும் திறப்பதில்லை.

128-க்கும் 131-க்கும் என்ன வித்தியாசம்?

ஐ.க்யூ தேர்வில் சராசரி 100. 130 என்றால் நூற்றில் முதல் இரண்டு பேருக்குள் வருகிறீர்கள். அதனால் அமெரிக்காவில் பல இடங்களில் 130-தான் கட்-ஆஃப்.

இங்கேதான் ட்விஸ்ட். நல்ல தரமான ஐ.க்யூ தேர்வில்கூட, கிடைக்கும் எண் ஐந்தாறு புள்ளி கூடவோ குறையவோ இருக்க வாய்ப்பு உண்டு என்பது அந்தத் துறைக்காரர்களே ஒப்புக்கொள்ளும் கணக்கு. அன்றைக்குக் குழந்தைக்குச் சளி, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, டெஸ்ட் வைத்தவரைப் பார்த்து மிரண்டுவிட்டது, எதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் 128 வாங்கிய குழந்தையும் 131 வாங்கிய குழந்தையும் அறிவில் வேறு வேறு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுக்குக் கதவு திறக்கும், இன்னொன்றுக்கு மூடும். திரும்ப டெஸ்ட் எடுக்க வசதி உள்ள வீட்டுக்குழந்தை, இரண்டாவது முயற்சியில் 131 வாங்கிவிட முடியும். வசதி இல்லாத குழந்தை 128-லேயே நின்றுவிடும்.

கட்-ஆஃப் எவ்வளவு பெரிய ஆட்களைத் தவறவிடும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1921-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், கலிஃபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். சுமார் 1,500 குழந்தைகள் தேர்வானார்கள். டெஸ்ட்டில் கட்-ஆஃப் தாண்டாததால் சேர்க்கப்படாத இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். டிரான்சிஸ்டருக்காக 1956-ல் நொபெல் வாங்கியவர் ஷாக்லி. துகள் இயற்பியலுக்காக 1968-ல் நொபெல் வாங்கியவர் ஆல்வரெஸ். டெர்மன் தேர்ந்தெடுத்த 1,500 பேரில் யாருமே நொபெல் வாங்கவில்லை.

இந்தக் கதையின் கசப்பான பின்குறிப்பு இதுதான். ஐ.க்யூ டெஸ்ட் ஓரங்கட்டிய அதே ஷாக்லி, பிற்காலத்தில் ஐ.க்யூ எண்களை வைத்துக்கொண்டு கறுப்பின மக்கள் பிறப்பிலேயே அறிவில் குறைந்தவர்கள் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தார். ஒரு எண்ணை மனிதரின் மதிப்பாக நம்ப ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவரே சாட்சி.

அதற்காக டெஸ்ட்டே வீண் என்று சொல்லவில்லை. டெஸ்ட் நல்லது செய்த இடமும் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

கேட்காத வீட்டில் என்ன நடக்கிறது?

ஃப்ளோரிடா மாநிலத்தில் ப்ரோவர்ட் கவுன்ட்டி. மிகப் பெரிய பள்ளி மாவட்டம். மாணவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினக் குழந்தைகளும் லத்தீன் அமெரிக்கப் பின்னணிக் குழந்தைகளும்தான். ஆனால் 2003-ல் அங்கே 'கிஃப்டட்' பட்டியலில் இருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அவர்கள் 28 சதவிகிதம் மட்டுமே.

ஏன்? அப்போதைய முறைப்படி ஆசிரியரோ பெற்றோரோ 'இந்தக் குழந்தை கெட்டி' என்று பரிந்துரைத்தால்தான் டெஸ்ட்டே வைப்பார்கள். வசதியான பெற்றோர் தனியாக சைக்காலஜிஸ்ட்டைப் பிடித்து டெஸ்ட் எடுத்துக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் வரிசைக்கே வரவில்லை.

2005-ல் ஒரு மாற்றம். இரண்டாம் வகுப்பில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளியிலேயே ஒரு சின்ன டெஸ்ட். மொழி தேவைப்படாத, படங்களை வைத்துக் கண்டுபிடிக்கும் வகை. அதில் நன்றாகச் செய்தவர்களுக்கு மாவட்டமே இலவசமாக முழு ஐ.க்யூ டெஸ்ட். தகுதி விதியை ஒரு புள்ளிகூடத் தளர்த்தவில்லை. ஆனாலும் ஏழைக் குழந்தைகள், கறுப்பினக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தைகள் என்று கிஃப்டட் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை பெரிய அளவில் கூடியது.

பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். கார்டு 2021-ல் பொருளாதார நொபெல் வாங்கியவர். பழைய முறையில் யாரெல்லாம் விடுபட்டுப்போனார்கள் என்ற அவர்கள் பட்டியலில் இன்னொரு பிரிவும் இருந்தது: பெண் குழந்தைகள். 'பையன் துறுதுறுன்னு இருக்கான், மேதையா இருப்பான்' என்று நினைக்கும் கண், அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையைத் தாண்டிப் போய்விடுகிறது. இது நம்ம ஊர் ஸ்டாஃப் ரூமுக்கும் அந்நியமான விஷயமா என்ன?

பிறகு பொருளாதார மந்தநிலை. பட்ஜெட் வெட்டு. 2010-ல் எல்லோருக்கும் டெஸ்ட் வைப்பதை நிறுத்தினார்கள். பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே திரும்பி வந்தது. குழந்தைகள் மாறவில்லை. அவர்களைத் தேடும் வேலை நின்றுபோனது, அவ்வளவுதான்.

இப்போது அப்பீலுக்குத் திரும்புவோம். அப்பீல் என்பதும் 'கேட்டால்தான் கிடைக்கும்' என்ற அதே பழைய முறைதான். ஒரு வகுப்பில் 128 வாங்கிய குழந்தைகள் நாலு பேர் இருந்தால், சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டோடு வருவது ஒரு வீடாகத்தான் இருக்கும். மற்ற மூன்று வீட்டிலும் அம்மா இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கலாம், அப்பாவுக்கு ஆங்கிலம் வராமல் இருக்கலாம், அந்த மெயிலையே யாரும் பிரித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த சீட் போனால் எதிர்காலம் போச்சா?

இதுதான் பெற்றோரின் உண்மையான பயம். இதற்கும் ஆய்வுகள் இருக்கின்றன.

பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கும் பிரபல பள்ளிகள் உண்டு. கட்-ஆஃபை மயிரிழையில் தாண்டி உள்ளே போன மாணவர்களையும், மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போன மாணவர்களையும் மூன்று பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. அந்தப் பள்ளிகள் பளபளப்பதற்குக் காரணம், ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அங்கே சேர்வது. அந்தக் கதவைத் தாண்டியதாலேயே ஒருவர் மேலும் புத்திசாலி ஆகிவிடவில்லை.

தொடக்கப் பள்ளி கிஃப்டட் வகுப்புகளை நாடு முழுக்க எடுத்துப் பார்த்தாலும் சராசரி லாபம் சின்னதுதான். வாசிப்பில் கொஞ்சம், கணக்கில் அதைவிடக் குறைவு. பல இடங்களில் அந்த வகுப்பே வாரத்துக்குச் சில மணி நேரம் எனும்போது வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஆனால் ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. மறுபடியும் ப்ரோவர்ட். அங்கே ஒரு பள்ளியில் ஒரே ஒரு கிஃப்டட் குழந்தை இருந்தாலும் நாலாம், ஐந்தாம் வகுப்பில் தனி வகுப்பறை தொடங்க வேண்டும். மிச்ச சீட்டுகளை, ஐ.க்யூ கட்-ஆஃப் தாண்டாவிட்டாலும் பள்ளித் தேர்வில் நன்றாக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த கறுப்பின, லத்தீன் பின்னணிக் குழந்தைகளின் வாசிப்பும் கணக்கும் பெரிய அளவில் முன்னேறின. அதே மாதிரி உள்ளே வந்த வெள்ளையினக் குழந்தைகளிடம் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை.

இதை ஒரு முறை நிறுத்தி யோசியுங்கள். வீட்டில் புத்தகமும் டியூஷனும் கேள்வி கேட்கும் பெற்றோரும் இருக்கும் குழந்தைக்கு, அந்த சீட் கிடைக்காவிட்டாலும் வாழ்க்கை பெரிதாக மாறப்போவதில்லை. எதுவும் இல்லாத குழந்தைக்கு அதே சீட் வாழ்க்கையையே மாற்றலாம். ஆனால் அப்பீல் போடுவது முதல் வீடு. இரண்டாவது வீட்டுக்கு அப்பீல் என்ற வார்த்தையே தெரியாது.

அரசாங்கங்கள் என்ன செய்கின்றன?

நியூயார்க் இந்த விஷயத்தில் ஊஞ்சல் ஆடுகிறது. நாலு வயதுக் குழந்தைகளுக்கான டெஸ்ட் 2021-ல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு, மேயர் பில் டி பிளாசியோ இந்த புரோகிராமையே படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தார். அடுத்து வந்த எரிக் ஆடம்ஸ் 2022-ல் அதைத் திருப்பிப்போட்டு, மூன்றாம் வகுப்பில் 1,000 இடங்கள் உட்பட கூடுதல் சீட்டுகள் அறிவித்தார். டெஸ்ட்டுக்குப் பதில் ஆசிரியர் பரிந்துரை வந்தது. 2025 தேர்தல் பிரசாரத்தில் ஸோஹ்ரான் மம்தானி, கிண்டர்கார்டன் கட்டத்தில் பிள்ளைகளைப் பிரிப்பதை நிறுத்துவேன் என்றார். நுழைவுத்தேர்வு எழுதிச் சேரும் பிராங்க்ஸ் சயின்ஸ் பள்ளியில் படித்தவர் அவர் என்பதை எதிர்த்தரப்பு சும்மா விடுமா? ஐந்து வயதுக் குழந்தையின் வகுப்பறை, மேயர் தேர்தலில் பேசுபொருள் ஆனது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஊர் சிங்கப்பூர். அங்கே 1984-ல் கிஃப்டட் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்கநிலை மூன்றில் இரண்டு கட்டத் தேர்வு. சுமார் ஒரு சதவிகிதம் பேரைத் தேர்ந்தெடுத்து ஒன்பது பள்ளிகளில் சேர்ப்பார்கள். சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளிலும் அந்தத் தேர்வுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 2024 ஆகஸ்ட்டில், தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், இந்தத் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் திறமையான பிள்ளைகளுக்குக் கூடுதல் பயிற்சி. சுமார் 10 சதவிகிதம் பேரை எட்டுவது இலக்கு. ஒரு குறிப்பிட்ட பாடத்தில் மட்டும் கெட்டியாக இருக்கும் குழந்தைக்கும் அந்தப் பாடத்தில் மட்டும் வாய்ப்பு.

கதவை அகலப்படுத்தினால், கதவுக்கு வெளியே நின்று அப்பீல் போடுவோரின் கூட்டமும் குறையும். சிங்கப்பூரின் திட்டம் அந்தத் திசையில் ஒரு முயற்சி. ஃபேர்ஃபாக்ஸும் சில வருஷங்களுக்கு முன், கவுன்ட்டி முழுக்க ஒரே கட்-ஆஃப் என்பதை மாற்றி, ஒவ்வொரு பள்ளியிலும் மேலே வரும் பிள்ளைகளை முதல் கட்டப் பரிசீலனைக்கு எடுக்கும் முறைக்கு வந்தது. வசதியான பகுதிப் பள்ளியோடு வசதி குறைந்த பள்ளி போட்டி போட வேண்டியதில்லை என்பது இதன் லாபம்.

சரி, அந்த மெயில் நம்ம வீட்டுக்கு வந்தால்?

ஒரு வேளை நீங்களே இளம் பெற்றோராக இருக்கலாம். அல்லது வெளிநாட்டிலிருந்து அக்கா போன் போட்டு, 'என்னடா பண்றது?' என்று கேட்கலாம். சொல்ல வேண்டியவை இவை.

முதலில், மார்க் விவரத்தைக் கேளுங்கள். மொத்த எண் மட்டும் போதாது. எந்தப் பகுதியில் எவ்வளவு, பிறந்த தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா, டெஸ்ட் அன்று குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா, எல்லாவற்றையும் பாருங்கள். நியூயார்க்கில் மாட்டிய பிழைகள் இந்த மாதிரி சின்ன விஷயங்கள்தான்.

இரண்டாவது, 'புதுசாக என்ன சொல்லப்போகிறோம்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 'என் பையன் ரொம்ப ஷார்ப்' என்பது ஆதாரம் ஆகாது. அவன் தானாக எழுதிய கதை, யாரும் சொல்லாமல் போட்ட கணக்கு, வகுப்பில் சொல்லிக்கொடுப்பது அவனுக்குப் போதவில்லை என்று காட்டும் ஏதாவது ஒன்று, இவைதான் ஆதாரம். அப்படி எதுவும் கையில் இல்லை, கோபம் மட்டும்தான் இருக்கிறது என்றால் நாலு நாள் ஆறப்போட்டுவிட்டு யோசியுங்கள்.

மூன்றாவது, எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அப்பீல். அதற்கு மேல் மறு டெஸ்ட், இன்னொரு சைக்காலஜிஸ்ட், அடுத்த வருஷம் மறுபடியும் என்று போக ஆரம்பித்தால், குழந்தை ஒவ்வொரு வருஷமும் 'தோற்றுக்கொண்டே' இருக்கும்.

நான்காவது, சீட் கிடைக்காவிட்டால் வேறு என்ன வழி என்று டீச்சரிடம் கேளுங்கள். கணக்கில் மட்டும் மேல் வகுப்புப் பாடம் கொடுக்க முடியுமா? லைப்ரரியில் கூடுதல் புத்தகம் எடுக்கலாமா? குழந்தைக்குத் தேவை சவாலான வேலை. வாசலில் மாட்டும் 'கிஃப்டட்' போர்டு இல்லாமலும் அது கிடைக்கலாம்.

ஐந்தாவது, மிக முக்கியமானது. அப்பீல் பேச்சைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள். தாத்தா, பாட்டியோடு வீடியோ கால் போகும்போது, 'இவனுக்குக் கிடைக்கல, ஆனா அப்பீல் போட்டிருக்கோம்' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் லெகோ அடுக்கிக்கொண்டிருக்கும் ஏழு வயதுக் காது எல்லாவற்றையும் கேட்கும். நீங்கள் சொல்வது 'அந்தக் குழு தப்பு பண்ணிட்டாங்க' என்று. குழந்தை கேட்பது 'நான் இப்ப இருக்கிற மாதிரி இருந்தா அம்மா அப்பாவுக்குப் போதாது' என்று.

ஆஸ்திரேலிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே அளவு திறமையுள்ள இரண்டு குழந்தைகளில், கெட்டிக்காரர்கள் மட்டுமே நிறைந்த வகுப்பில் இருக்கும் குழந்தை தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கும். சாதாரண வகுப்பில் இருக்கும் குழந்தை, 'என்னால முடியும்' என்று நம்பும். அதாவது, கிடைக்காமல் போன சீட்டில் இழப்பு மட்டுமே இருக்கிறது என்று சொல்ல முடியாது. வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் தைரியமும் ஒரு சொத்துதான்.

அந்தக் கடிதத்தில் இன்னும் ஒரு வரி

எல்லாம் யோசித்துவிட்டு, அப்பீல் போடுவதுதான் சரி என்று முடிவெடுத்தால் தாராளமாகப் போடுங்கள். அது உங்கள் உரிமை. யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

ஆனால் உங்களுக்கு ஆங்கிலம் வருகிறது, விதி தெரிகிறது, பள்ளி நிர்வாகத்தோடு பேசும் தைரியம் இருக்கிறது. அதே வகுப்பில் இவை எதுவும் இல்லாத வீடுகளும் இருக்கின்றன. பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் கை தூக்கி இதையும் கேளுங்கள்: 'எல்லாக் குழந்தைகளுக்கும் டெஸ்ட் வைத்தீர்களா? அப்பீல் பற்றிய தகவல் எல்லா மொழியிலும் எல்லா வீட்டுக்கும் போனதா? வெளியே டெஸ்ட் எடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குப் பள்ளியே எடுத்துக்கொடுக்குமா?'

உங்கள் அப்பீல் ஜெயித்தால் ஒரு சீட் கிடைக்கும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால், உங்களுக்கு முகம்கூடத் தெரியாத ஒரு குழந்தைக்கு, யாரும் கேட்காமலேயே கதவு திறக்கும்.